செத்த காலேஜ் சம்பந்தம்

உக்காரும்மா, உக்காரு. ஆளுக்கு எடம் புடிச்சு வைக்கல, அது என் பைதான். இந்தா, மடியில வச்சிக்கிறேன். உன் வீட்டுக்காரரு புள்ளைங்கள இட்டுக்கினு உள்ள போயிட்டாரா? போவட்டும். திமிங்கலத்தோட எலும்பைக் கண்டா புள்ளைங்க லேசுல வெளிய வராதுங்க. நீ நல்லா காத்தாட உக்காரு. மழை வந்தா மட்டும் அந்த வராண்டாவுக்கு ஓடணும், இந்த ஐப்பசி மழையை நம்ப முடியாது.

நானா? நான் வாரா வாரம் வர்றேன். சிரிக்காத. உள்ள போய்ப் பாக்குறதுக்கு இல்ல, இந்த பெஞ்சில உக்கார்றதுக்கு. டிக்கெட்டு வாங்கிக்கினு வந்து பெஞ்சில உக்கார்ற பொம்பள இந்த ஊர்லயே நான் ஒருத்திதான். கேட்டுல நிக்கிற ஆளு இப்பல்லாம் என்னைப் பாத்தா தலையாட்டுறாரு.

என் பொண்ணு, அவளுக்குப் பேசி முடிச்சிருக்கிற மாப்ள, எங்க வீட்டுக்காரரு, மூணு பேரும் உள்ள இருக்காங்க. தையில கல்யாணம். தாலி ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் தனியா சுத்தக்கூடாது, கூட ஒரு பொம்பள இருக்கணும்னு சட்டம் போட்டவ நான். என் வாயாலதான் போட்டேன். அந்தச் சட்டம் இப்ப என்னை இங்க கொண்டாந்து கட்டிப் போட்டிருக்கு. அப்பா கூட இருக்காரே, அது போதாதான்னு கேப்ப. ஐயே, அவரு ஒரு செலை முன்னாடி நின்னாருன்னா பக்கத்துல யாரு இருக்காங்க, யாரு போனாங்கன்னு ஒண்ணும் தெரியாது. அவரை நம்பி விட முடியுமா?

எல்லாத்துக்கும் காரணம் அந்த மனுஷனோட மியூசியப் பைத்தியம்தான். நான் சொல்றதைக் கேட்டுட்டு நீயே சொல்லு.

பேரு ஏகாம்பரம். ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பவுண்டரி வேலை. இரும்பை உருக்கி மண்ணு அச்சுல ஊத்துறது. ரிட்டயராயி ரெண்டு வருஷம் ஆவுது. சில ஆம்பளைங்களுக்குச் சீட்டு, சில பேருக்குத் தண்ணி. இவருக்கு மியூசியம். அதோ தெரியுது பாரு, வெண்கலச் செலைங்க இருக்கிற கட்டடம், அதான் அவருக்குக் கோயிலு. கல்யாணமான புதுசுல என்னையும் இட்டுக்கினு வந்தாரு. எனக்கு அப்ப மூணு மாசம். ஒரே மசக்கை. இவரு ஒரு அம்மன் செலை முன்னாடி நின்னுக்கினு, "அமுதா, பாரு, எங்கியாச்சும் ஒட்டுப் போட்டிருக்கா? ஒரே ஊத்து!"ங்கிறாரு. எனக்குக் கண்ணை இருட்டிக்கினு வருது. அன்னிக்குச் சொன்னேன், இனிமே இந்தச் செத்த காலேஜுக்கு என்னைக் கூப்டாதீங்கன்னு.

ஆமா, செத்த காலேஜுதான். நீ வேலூர்க்காரி, உனக்குத் தெரியாது. எங்க பெரம்பூர் பக்கம் பழைய ஆளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மிருகத்தையெல்லாம் உயிரோட வச்சிருந்தா அது உயிர் காலேஜு, செத்ததையெல்லாம் வச்சிருந்தா இது செத்த காலேஜு. அப்புறமும் அவரு வருஷத்துக்கு ஒருவாட்டி கூப்ட்டுப் பாத்தாரு. நானும் தலைவலி, மாவு அரைக்கணும், அது இதுன்னு எதையாவது சொல்லித் தட்டிடுவேன். அப்புறம் கேக்குறதையே விட்டுட்டாரு. தனியா போவாரு, தனியா வருவாரு. தங்கமான மனுஷன், அதுல நான் ஒரு கொறை சொல்ல மாட்டேன்.

இப்ப பொண்ணு விஷயத்துக்கு வரேன். சுபாஷினின்னு பேரு, ஸ்கேன் சென்டர்ல வேலை. இருபத்தேழு முடியப் போவுது. ரெண்டு எடத்துலேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. சொஜ்ஜி சாப்ட்டாங்க, பஜ்ஜி சாப்ட்டாங்க, போய்ச் சொல்லி அனுப்புறோம்னாங்க, அதோட சரி. மூணாவதா வந்த எடத்துல ஒரு பொம்பள, "எங்க, கொஞ்சம் நடந்து காட்டும்மா"ன்னுட்டா. அவ்வளவுதான். இவ தட்டை அப்படியே டீப்பாய் மேல வச்சிட்டு உள்ள போயிட்டா. "இனிமே எவன் முன்னாடியும் நான் தட்டைத் தூக்கிக்கினு வந்து நிக்க மாட்டேன்"னுட்டா. அப்பா மாதிரிதான், கத்த மாட்டா. ஆனா சொன்னா சொன்னதுதான்.

பெத்தவளுக்கு வயித்துல நெருப்பு இருக்காதா சொல்லு? அந்த நேரத்துல என் அண்ணி ஒரு எடம் சொன்னா. பையன் பேரு தினகரன். அம்பத்தூர் எஸ்டேட்டுல மோட்டாரு சாமான் வார்க்கிற கம்பெனியில, வார்த்தது சரியா இருக்கா, ஓட்டை கீட்டை விழுந்திருக்கான்னு பாக்குற வேலை. அப்பா இல்ல, அம்மா மட்டுந்தான், தனபாக்கியம்னு. ஜாதகம் அப்படியே ஒட்டிக்கினு வருது. விட முடியுமா? பொண்ணுக்குத் தெரியாம, எதேச்சையா பாத்த மாதிரி எங்கியாச்சும் வச்சுக் காட்டிடலாம்னு நானும் அண்ணியும் முடிவு பண்ணோம்.

எங்க வச்சுக் காட்டுறது? கோயில்னா மோப்பம் புடிச்சிடுவா. ஓட்டல்னா கேக்கவே வேணாம். மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கினு இருந்தப்பதான் தோணுச்சு, மியூசியம்! மியூசியத்துல எவனாவது பொண்ணு பாப்பானா? அந்த யோசனை வந்தப்ப எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு போ.

தப்பு எங்க ஆச்சுன்னா, அது ஆடி மாசம். ஆடியில பொண்ணு பாக்க மாட்டாங்கல்ல, ஆவணி மொத ஞாயித்துக்கெழமைன்னு பேசிக்கினோம். நான் வாயை மூடிக்கினு இருந்துட்டு, ரெண்டு நாளைக்கு முன்னாடி வீட்டுல சொல்லியிருக்கணும். எனக்குத்தான் எதுவும் வயித்துல நிக்காதே. அன்னிக்குச் சாயங்காலமே காபியைக் குடுத்துட்டு, "ஏங்க, ஆவணி பொறந்ததும் ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாருமா மியூசியம் போய் வரலாமா?"ன்னு கேட்டுட்டேன்.

டம்ளரைக் கீழ வச்சிட்டாரு மனுஷன். "யாரு, நாமளா? நீயுமா?"ங்கிறாரு. "ஆமா, எனக்கும் ஆசையா இருக்கு, சுபா கல்யாணமாயிப் போறதுக்குள்ள ஒருவாட்டி எல்லாரும் சேந்து பாத்துடலாம்"னேன். பொய் சொல்றதுன்னு ஆயிட்டா நான் கொஞ்சம் தாராளமாத்தான் சொல்லுவேன். அவரு எழுந்து போய்க் குளிச்சிட்டு வந்தாரு. சாயங்காலத்துல அவரு குளிச்சு நான் பாத்ததே இல்லம்மா.

அன்னிக்குப் புடிச்சுது எனக்குச் சனி. மூணு வாரம்! "ஒண்ணும் தெரியாம வந்தா போன தடவை மாதிரி உனக்கு அலுத்துப் போவும் அமுதா, கொஞ்சம் தெரிஞ்சிக்கினு வந்தியானா நல்லாருக்கும்"னு ஒரு நோட்டு வாங்கியாந்தாரு. நான் அவரைக்கா அரிஞ்சிக்கினு இருப்பேன், எதிர்ல ஸ்டூலைப் போட்டுக்கினு உக்காந்துடுவாரு. படம் போட்டுப் போட்டுக் காட்டுவாரு. மொதல்ல மெழுகுல செலையைச் செஞ்சிடுவாங்களாம். அது மேல மண்ணைப் பூசி நெருப்புல வச்சா மெழுகு உருகி ஓடிடும். உள்ள வெறும் எடம் நிக்கும். அதுல உலோகத்தை ஊத்தி, ஆறுனதும் மண்ணை ஒடைச்சு எடுக்கணும். ஒரு செலைக்கு ஒரு அச்சுதான், ஒடைச்சா போச்சு. இதெல்லாம் எனக்கு எதுக்கு? அங்க டிவியில என் சீரியல் ஓடிக்கினு இருக்கு. எழுந்து போவவும் முடியல. ஆசையா இருக்குன்னு சொன்னவ நான்தானே? வாயைக் குடுத்துட்டு மாட்டிக்கினேன்.

ஒரு நாள் செஞ்சே காட்டுறேன்னு ஆரம்பிச்சிட்டாரு. மெழுகுவத்தியை உருக்கிக் கட்டைவெரல் அளவுக்கு ஒரு புள்ளையார். ரோஜாத்தொட்டி மண்ணைக் கொழைச்சுப் பூசி, வெயில்ல காய வச்சு, என் கேஸ் அடுப்புல ஏத்திட்டாரு. வீடு பூரா மெழுகு நாத்தம். சொட்டுச் சொட்டா பர்னர்ல எறங்குது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேற யாராவது இருந்தா கரண்டியாலயே ஒண்ணு வச்சிருப்பேன். பல்லைக் காட்டிக்கினு நின்னேன். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு, "ஏங்க, மெழுகு வெளிய வர்ற ஓட்டை வழியாவேதான் உருக்குனதையும் ஊத்துவாங்களா? அப்ப உள்ள இருக்கிற காத்து எங்க போவும்?"னு சும்மா பேச்சுக்குக் கேட்டு வச்சேன்.

அவரு என்னை அப்படியே பாத்தாரு. "எங்க ஷாப்புல புதுசா சேர்ற பசங்க எவனும் மொத வாரத்துல இதைக் கேட்டதில்ல அமுதா"ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சும்மா அவருக்கு. எதிர்வீட்டுக்குப் போய், எங்க அமுதா இப்படி ஒரு கேள்வி கேட்டான்னு சொல்லிட்டு வர்றாரு! காத்து வெளிய போறதுக்குன்னே தனியா சின்னச் சின்னதா வழி விடுவாங்க, அது இல்லன்னா உலோகம் வெரல் நுனி வரைக்கும் போவாது, பாதியில நின்னுடும். நீயே பாரேன், என் தலையில என்னென்னத்தை ஏத்தி வச்சிருக்காருன்னு.

அன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் பாத்தேன். சத்தியமா. "ஏங்க, ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சிட்டேன். அவரு ஒரு பொட்டியை எடுத்து நீட்டுறாரு. தொறந்தா செருப்பு. அடியில மெத்துமெத்துனு. "ரெண்டு மணி நேரம் நிக்கணும், உன் கால் தாங்காது"ங்கிறாரு. அதுக்கு மேல எந்த வாயால சொல்றது? நீயா இருந்தா சொல்லுவியா? சொன்னா அவரு மனசு விட்டுப் போவும், பொண்ணு காதுக்கும் போயிடும், சம்பந்தமும் போயிடும். சொல்லலன்னா தெனம் பாடம். நான் எந்தப் பக்கம் போவேன்?

கோகுல்னு எனக்கு ஒரு பையன் இருக்கான், காலேஜ் படிக்கிறான். அவனைப் பிரியாணி வாங்கித் தரேன்னு மடக்குனேன். சுபா, "லீவே ஒரு நாளுதான், நான் தூங்கணும்"னா. அப்புறம் அவளாவே வந்து வரேன்னுட்டா. "அப்பா மூஞ்சைப் பாத்தியாம்மா நீ? இதுக்கு மேல வரலன்னா நான் மனுஷியே இல்ல"ன்னா. எதுக்கு வந்தா என்னா, வந்தா சரின்னு விட்டுட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை வந்துச்சு. பத்தரைக்கு வெண்கலச் செலைகிட்ட மாப்ள வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள பாத்து முடிக்கணும். இவரு என்னாடான்னா முன்னாடி இருக்கிற கல்லு செலையிலேர்ந்து ஒண்ணொண்ணா ஆரம்பிக்கிறாரு. "வரிசையா போனாதான் புரியும்"ங்கிறாரு. பையில போனு துடிக்குது, அண்ணி. நான், "வெண்கலத்துக்குப் போலாங்க, வெண்கலத்துக்குப் போலாங்க"ன்னு அவரு முழங்கையைப் புடிச்சு இழுக்குறேன். அவரு புள்ளைங்களைப் பாத்து, "உங்க அம்மாவுக்கு அவசரத்தைப் பாரு"ன்னு சிரிக்கிறாரு. மூஞ்செல்லாம் சிரிப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டுது.

பதினொண்ணேகாலுக்குத்தான் போய்ச் சேந்தோம். தனபாக்கியம் பட்டுப்புடவையைக் கட்டிக்கினு, ஒரு ஓரமா மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு நிக்கிறா. பக்கத்துல பையன். எனக்கு உசுரு வந்துச்சு. இவரு அதே அம்மன் முன்னாடி போய் நின்னு பேச ஆரம்பிச்சாரு. கூட இருந்த ரெண்டு மூணு பேருகூட நின்னு கேக்குறாங்க. அந்தப் பையன் மெதுவா கிட்ட வந்து, "சார், வெரலு இவ்ளோ மெலிசா இருக்கே, உலோகம் அங்க போறதுக்குள்ள ஆறிடாதா?"ன்னு கேட்டான் பாரு. இவருக்குத் தலைகால் புரியல. "தம்பி எங்க வேலை?"ங்கிறாரு. சுபா அந்தப் பையனைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. நான் அதைப் பாத்துட்டேன். அடடா, தானாவே கூடி வருதேன்னு மனசுக்குள்ள முருகனுக்குத் தேங்காய் ஒடைச்சிட்டேன்.

அந்தப் பொம்பள இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? நேரா என்கிட்ட வந்து, "ஏம்மா, நல்ல காரியத்துக்கு எவளாவது செத்த காலேஜுக்கு வரச் சொல்லுவாளா? உங்க அண்ணி எழும்பூர்னாளே, நான் ஏதோ நல்ல ஓட்டலுன்னுல்ல நெனச்சேன்? ஒரு மணி நேரமா எலும்புக்கூட்டு வாசல்ல நிக்க வச்சிட்டியே! பொண்ணு இதானே? ஒரு புடவைகூடவா கட்டியாரல?"ன்னு கத்துறா. அந்த ஹாலு வேற கணீர்னு எதிரொலிக்கும்.

கோகுல் அன்னிக்கு அப்பதான் போன்லேர்ந்து தலையைத் தூக்குனான். சுபா என்னை எரிக்கிற மாதிரி பாத்தா. அதைக்கூடச் சமாளிச்சிடுவேன். இவரு திரும்பி, "பொண்ணு பாக்கவா வந்தோம் அமுதா? அப்ப அந்த மூணு வாரமும்?"ன்னாரு.

எனக்கு அவமானம், ஆத்திரம், எமகண்டம் வேற நெருங்குது. என்னா பேசுறோம்னு தெரியாம, "பின்ன என்னாங்க? இந்தச் செத்த பொம்மைங்களைப் பாக்கவா நான் வந்தேன்? இருபத்தெட்டு வருஷமா புடிக்காதது இப்ப மட்டும் புடிச்சிடுமா?"ன்னுட்டேன். நானும் கத்திதான் சொன்னேன். நின்னுக்கினு இருந்த பத்து பேரும் கேட்டாங்க.

அவரு ரெண்டுவாட்டி தலையாட்டிக்கினாரு. சரின்னு சொல்ற மாதிரி. அப்புறம் தனபாக்கியத்துகிட்ட போய்க் கையைக் கூப்பி, "வாங்கம்மா, ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டோம், மன்னிச்சிக்குங்க"ன்னாரு. கட்டடத்தை விட்டு வெளிய வர்ற வரைக்கும் ஒரு செலையைக்கூட அவரு திரும்பிப் பாக்கல.

சம்பந்தம் என்னாச்சா? முடிஞ்சுதே! ரெண்டு நாள் கழிச்சு சுபா சரின்னுட்டா. "அப்பா பேசுனப்ப அந்தாளு முழுசா கேட்டாரு, அதுக்காகத்தான். உனக்காக இல்ல"ன்னா. பாத்தியா? ஏற்பாடு பண்ணது நான், எடத்தைப் புடிச்சது நான், நல்ல பேரு மட்டும் எனக்குக் கெடையாது. தனபாக்கியம்கூட வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிச்சிட்டு, பையன் புடிவாதம்னு ஒத்துக்கினா. ஆவணி கடைசியில நிச்சயம் பண்ணோம். ஆமா, உனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான்னியே, கல்யாணமாயிடுச்சா? அண்ணி பொண்ணு ஒருத்தி இருக்கா. சரி சரி, அப்புறம் பேசிக்கலாம்.

நிச்சயம் முடிஞ்சதும் அந்தப் பையன், "மாமா, அன்னிக்குப் பாதியில நின்னுபோச்சே, மறுபடியும் போலாமா?"ன்னு கேட்டுட்டான். சுபாவும் வரேன்னா. நான் போட்ட சட்டம் இருக்கே, நானும் கெளம்புனேன். மொத வாரம் அந்த வாசல் வரைக்கும் கூடவேதான் போனேன். இவரு திரும்பி, "நீ எதுக்கு அமுதா, இங்கியே உக்காரு, நெழலா இருக்கு, நாங்க பாத்துட்டு வந்துடுறோம்"னாரு. தோள்ல இருந்த துண்டால பெஞ்சைத் தொடைச்சு வேற விட்டாரு.

கோவமெல்லாம் இல்லம்மா. கோவமா இருந்தா எனக்கு வழி தெரியும், ரெண்டு நாள் பட்டினி கெடந்தா வழிக்கு வந்துடுவாரு. வேளைக்குச் சாப்புடுறாரு, மாத்திரை வாங்கியாராரு, பத்திரிகை எந்தக் கடையில அடிக்கலாம்னு என்னைத்தான் கேக்குறாரு. ஸ்டூலை மட்டும் இப்பல்லாம் எதிர்ல போட்டுக்க மாட்டேங்கிறாரு. நான் பாட்டுக்குத் தனியா காய் அரியுறேன், சீரியல் பாக்குறேன். நிம்மதியாத்தான் இருக்கு. என்னா, வீடு கொஞ்சம் ஓன்னு இருக்கு, அவ்வளவுதான்.

போன வாரம் மாப்ள கேக்குறான், "அத்தையையும் கூப்புடலாமே மாமா?"ன்னு. இவரு, "அவளுக்குப் புடிக்காதுப்பா, பாவம், எதுக்குக் கட்டாயப்படுத்தணும்?"ங்கிறாரு. நல்லதுக்குத்தான் சொல்றாரு.

மண்ணை ஒடைச்சு செலையை வெளிய எடுக்குற வரைக்கும்தான் வீட்டுல சொல்லிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் கண்ணு எப்படித் தொறப்பாங்க, நகத்தையெல்லாம் எப்படிச் செதுக்குவாங்கன்னு செலை முன்னாடி நிக்க வச்சுத்தான் சொல்லுவேன்னாரு. அது மட்டும் பாக்கி. அதைத் தெரிஞ்சிக்கினு எனக்கு ஆவப் போறது ஒண்ணும் இல்ல. ஆனாலும் பாதியில நிக்குதேன்னு ஒரு இது. எனக்கும் ஆசையா இருக்குன்னு சொல்லலாம். அதையேதானே அன்னிக்கும் சொன்னேன்? அந்த வார்த்தையை அன்னிக்கே செலவழிச்சிட்டேனே, இப்ப எதைச் சொல்லிக் கேக்குறது?

இன்னிக்குக் காலையில ஆட்டோவுலேர்ந்து எறங்குனதும், என்ன ஆனாலும் ஆவட்டும்னு, "ஏங்க, நானும் உள்ள வரட்டுமா?"ன்னு கேட்டுட்டேன்.

நின்னுட்டாரு. புள்ளைங்க முன்னாடி போயிடுச்சுங்க. என் கிட்ட வந்து, கொரலைத் தாழ்த்தி, "ஏன் அமுதா, உள்ள யாரை வரச் சொல்லியிருக்க?"ன்னு கேட்டாரு.

குத்திக் காட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு குடுத்திருப்பேன். நெஜமாவேதான் கேட்டாரும்மா. சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்ணிக்கினாரு. "மொதல்லயே சொல்லியிருந்தா நல்ல சட்டையா போட்டுக்கினு வந்திருப்பேன்ல"ன்னாரு.

"யாரும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன்.